கடைசித் தாள் கிடைக்காத கிணற்றுக் கதை

என் அப்பா பச்சியப்பன் சென்ற ஆடியில் இறந்தார். தருமபுரியில் ஒரு மிஷன் மருந்தகத்தின் சரக்கறையில் வேலை பார்த்தவர். மருந்துப் பெட்டி வந்தால் ஆணி பிடுங்கித் திறக்க வேண்டும். சீசாக்களைத் துடைத்து அலமாரியில் ஏற்ற வேண்டும். உடைந்தவற்றைப் பிரித்து வைக்க வேண்டும். அதுதான் வேலை. எங்கள் ஊர் இண்டூரில் அவரைச் சீசாக்காரர் என்பார்கள். கருமாதிக்கு வந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

நான் சென்னையில் ஒரு ரசாயனப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அங்கே என்னோடு வேலை செய்யும் ஒருவர், யுத்த காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுப்போன பத்திரிகை ஒன்றை எங்கோ வாங்கி வந்தார். நட்சத்திரங்களுக்கு அப்பால் இருப்பவை, கடலுக்கு அடியில் மனிதனுக்கு முன்பே இருந்தவை, அவற்றைப் பார்த்துவிட்டுப் புத்தி கலங்கியவர்கள். அந்த வகைக் கதைகள். படித்துவிட்டு என்னிடம், "இதையெல்லாம் முறையா படிக்கணும்னா எங்கே ஆரம்பிக்கணும்?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியும். அப்பா ஒரு வரிசை வைத்திருந்தார். ஆனால் அந்த வரிசை எதனால் வந்தது என்பதை விட்டுவிட்டு வரிசையை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. பிறகு சொல்கிறேன் என்றேன். சொல்ல வேண்டியது இதுதான்.

அப்பா மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர். இங்கிலீஷ் வாசிப்பார். மருந்துகளை அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊர்ச் சபையார் சேகரித்து அனுப்பினார்கள். சென்னை வரை கப்பல், மொரப்பூர் வரை ரயில், அங்கிருந்து தருமபுரிக்குச் சின்ன ரயில். வழியில் உடையாமலிருக்க ஒவ்வொரு சீசாவையும் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றியிருப்பார்கள். அந்தச் சபையாரில் யாரோ ஒருவர் வீட்டில் இந்த மாதிரிக் கதைப் பத்திரிகைகளை வாங்கியிருக்கிறார். யார் என்று எங்களுக்குக் கடைசி வரை தெரியாது.

சுற்றியிருந்த தாள்களைக் குப்பையில் போடத்தான் உத்தரவு. அப்பா அவற்றைப் பிரித்து, நீவி, மேலே எடைக்கல் வைத்து நிமிர்த்தி, சைக்கிளில் வீட்டுக்குக் கொண்டுவருவார். பக்க எண் பார்த்து அடுக்குவார். ஒரு கதையின் தலை ஒரு பெட்டியில் வரும். நடுப்பகுதி வேறொரு பெட்டியில், இரண்டு மாதம் கழித்து வரும். கால் வராமலே போகும். தாளில் அயோடின் கறை இருந்தால் அந்த வரிகளை ஊகித்துக்கொள்வார்.

முழுசாகச் சேர்ந்த கதையை மட்டும் வெளியே சொல்வார். அது அவர் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு.

சொல்வதற்கென்று ஒரு சமயம் இருந்தது. வைகாசியில் விதைக்கடலை உரிப்பார்கள். கையால்தான் உரிக்க வேண்டும், பருப்பின் தோல் கிழிந்தால் முளைக்காது. ஒவ்வொரு வீட்டுக் கடலைக்கும் சுற்றுப்பட்டார் முறை வைத்து வந்து உட்காருவார்கள். எங்கள் வீட்டு முறை வந்தால் கூட்டம் கூடுதலாக இருக்கும். வெயில் சாய்ந்ததும் புளியமரத்தடியில் சாக்கு விரித்து நடுவில் கடலையைக் கொட்டுவார்கள். அப்பா உரித்துக்கொண்டே சொல்வார்.

என் அம்மா ராமக்காளுக்கு இதில் பெருமை உண்டு. வெளியே காட்டமாட்டார். "சீசா சுத்துன காயிதத்தைப் படிச்சுப்போட்டு ஊரையே பயமுறுத்தறாரு. அதுக்கும் நாலு பேரு கூலியில்லாம வந்து கடலை உரிக்கறாங்க" என்பார்.

அம்மாவின் அண்ணன் பெரியண்ணன், என் தாய்மாமன், முதல் ஆளாக வந்து அப்பாவுக்கு எதிரே உட்காருவார். கேள்வி கேட்பதற்காகவே வருவார்.

"பேய்க் கதைதானே மாப்ளே?"

"பேய் இல்லீங்க மச்சான். பேய்க்கு நம்ம மேல கோவம் இருக்கும், ஆசை இருக்கும். ஒரு பூசையைப் போட்டா போயிடும். இதுங்களுக்கு நாம இருக்கறதே தெரியாது."

"தெரியாதுன்னா நாம எதுக்குப் பயப்படோணும்?"

"ஏரு ஓட்டறீங்க. மண்ணுக்குள்ள எறும்பு குடும்பம் நடத்திட்டு இருக்கு. உங்களுக்கு அது மேல கோவமா?"

மாமா யோசிப்பார். "அப்ப எறும்புக்குக் கதை சொல்றேங்கறே."

"எறும்பு கொஞ்சம் சீக்கிரம் உரிக்கட்டும்" என்பார் அம்மா.

இந்த வகைக் கதைகளுக்குப் பிற்பாடு நான் படித்த எந்த விளக்கமும் இதைவிடத் தெளிவாக இல்லை.

1934 வைகாசி. அம்மா ஆறு மாதக் கர்ப்பம். எனக்குப் பிறகு பல வருடம் கழித்து உண்டான பிள்ளை. எங்கள் முறை வந்தது. அப்பா ஒரு கிணற்றுக் கதையைத் தொடங்கினார்.

வடக்கே எங்கோ குளிர்நாடு. மழை இல்லாத வருடம். ஒரு கிராமத்தார் கிணறு வெட்டுகிறார்கள். பாறையை உடைக்கிறார்கள், அதற்குக் கீழும் பாறை. ஒருநாள் கடப்பாறை உள்ளே போய்விடுகிறது. விழுந்த சத்தம் வரவில்லை. கல்லைப் போடுகிறார்கள். சத்தம் இல்லை. ஒருவனைக் கயிற்றில் கட்டி இறக்குகிறார்கள். கயிறு போய்க்கொண்டே இருக்கிறது. ஊரிலுள்ள கயிற்றையெல்லாம் முடிச்சுப் போட்டு நீட்டுகிறார்கள். பிறகு கயிறு தொய்கிறது. மேலே இருந்தவர்கள் தரையில் படுத்துக் காதை வைத்துக் கேட்கிறார்கள்.

எங்கள் பக்கம் கிணறு வெட்டாத குடும்பம் இல்லை. உரித்த கைகள் நின்றுவிட்டன. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. என் பின்னால் யாரோ மூச்சு விடுவது கேட்டது நினைவிருக்கிறது.

அந்தப் பத்திரிகைகளில் ஒரு வழக்கம். கதையின் கடைசிப் பகுதியை விளம்பரங்களுக்கு நடுவே பின்பக்கத்தில் போடுவார்கள், இத்தனையாம் பக்கம் பார்க்க என்று. அந்த எண்ணுள்ள தாள் அப்பாவிடம் இருந்தது. கதை சேர்ந்துவிட்டது என்று முடிவு செய்துதான் தொடங்கினார். தாளை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்திருந்தார். அந்த இடம் வந்ததும் எடுத்துப் பிரித்தார். பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

எண் சரி. மாதம் வேறு. அது வேறு இதழின் தாள்.

"அப்பறம்?" என்றார் மாமா.

"மீதி இல்லீங்க."

"இல்லன்னா?"

"இந்தக் காயிதம் இதுக்கு இல்லீங்க. வேற கதையோடது."

மாமாவின் குரல் மாறியது. "மாப்ளே, புள்ளத்தாச்சி உக்காந்திருக்கா. முடிச்சுட்டு எந்திரி."

எங்கள் பக்கம் கர்ப்பிணி கேட்கும் கதையைப் பாதியில் விடமாட்டார்கள். கூத்துக்கு அழைத்துப் போனாலும் மங்களம் பாடும்வரை இருக்க வைத்துத்தான் கூட்டி வருவார்கள். பாதியில் நின்றால் வயிற்றுப் பிள்ளையும் அங்கேயே நின்றுவிடும் என்பார்கள்.

"எழுதுனவன் என்ன எழுதுனான்னு தெரியாம நான் எப்படிங்க முடிக்கறது?"

"எழுதுனவன் கப்பலேறி வந்து கேக்கப் போறானா? ஆளை மேல தூக்குனாங்க, தண்ணி வந்துச்சு, எல்லாரும் நல்லா இருந்தாங்கன்னு சொல்லேன். வாய் தேஞ்சு போவுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும். அப்பா சிரிக்கவில்லை. "இல்லாததைச் சொல்ல மாட்டேனுங்க. அடுத்த பெட்டியில வரும். வந்ததும் சொல்றேன்" என்றார்.

மாமா எழுந்து வேட்டியை உதறினார். "படிச்சவன் கிட்ட பொய்யி கூட வாங்க முடியல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த பெட்டியில் வரவில்லை.

அந்த வாரமே அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. நடுக்கம் நிற்கவில்லை. அப்பா தபாலாபீஸில் குளிர்காய்ச்சலுக்கென்று விற்ற கொயினாப் பொட்டலங்களை வாங்கி வந்தார். பக்கத்து வீட்டில் அதே காய்ச்சலில் ஒரு மருமகள் செத்திருந்தாள். அப்பா பயந்து, பொட்டலத்தில் போட்டிருந்த அளவைவிடக் கூடுதலாகக் கொடுத்தார். காய்ச்சல் இறங்கியது. அம்மா பிழைத்தார். ஆவணியில் என் தங்கை செல்லி பிறந்தாள்.

நன்றாகத்தான் இருந்தாள். சிரித்தாள், தவழ்ந்தாள். மாரியம்மன் பண்டிகைக்கு வாசலில் மேளம் வந்து நின்றது. ஊரிலுள்ள குழந்தைகளெல்லாம் அலறின. செல்லி தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் போய்ப் பித்தளைச் சொம்பைக் கீழே போட்டார். மறுபடியும் போட்டார். பிறகு சொம்போடு தானும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்பா அன்று வேலையிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன்.

"உள்ள இருந்து கேட்டுட்டு இருந்திருக்கா, ராமக்கா. தரையில காத வெச்சுக் கேட்டாங்கன்னு சொன்னேன். என்ன கேட்டுச்சுன்னு சொல்லல. இனிமே ஒண்ணும் கேக்க வேணாம்னு மூடிக்கிட்டா."

"பேசாம சோத்தைத் தின்னுங்க" என்றார் அம்மா.

என் அப்பா மூடநம்பிக்கைக்காரர் அல்ல. எங்களுக்கு அம்மை குத்த மறுத்த பெரியவர்களோடு சண்டை போட்டவர். சாமியாடியிடம் சந்தேகம் கேட்டவர். இந்த ஒன்றில் மட்டும் அவர் யோசிக்கவில்லை, முடிவு செய்துவிட்டார். அவரைப் பொறுத்தவரை அது சாமியின் தண்டனையோ சூன்யமோ அல்ல. ஒரு சிறு பிள்ளை பயந்துவிட்டது. பயமுறுத்தியவர் அவர். ஒரு வரி பொய் சொல்லியிருந்தால் பயம் போயிருக்கும். சொல்லவில்லை. இவ்வளவுதான் அவருடைய கணக்கு. அதில் ஓட்டை கண்டுபிடிப்பது எளிதாக இல்லை.

அதற்குப் பிறகு புளியமரத்தடியில் அவர் கதை சொல்லவில்லை. கடலை மட்டும் உரித்தார். மாமா ஒன்றிரண்டு தடவை கிளறிப் பார்த்தார். "என்ன மாப்ளே, எறும்புங்க எல்லாம் சௌக்கியமா?" அப்பா பதில் சொல்லாததால் அவரும் விட்டுவிட்டார்.

ஆனால் தாள்களை வீசவில்லை. வந்த பெட்டி ஒவ்வொன்றிலும் அந்தக் கடைசித் தாளைத் தேடினார். கிடைத்தால் அதைச் சொல்லி முடித்துவிடலாம் என்று இருந்தார். யாரிடம் சொல்வது என்பதை அவர் யோசித்த மாதிரி தெரியவில்லை. கேட்க வேண்டியவளுக்குக் காது கேட்காது. யுத்தம் வந்தது. கப்பல் நின்றது. சின்ன ரயிலின் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பெட்டிகள் நின்றுபோயின.

நான் சென்னையில் படித்து, பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தேன். அங்கே ஒரு டாக்டரிடம் தங்கையைப் பற்றிப் பேச நேர்ந்தது. கர்ப்ப காலத்தில் அம்மா என்ன மருந்து சாப்பிட்டார் என்று கேட்டார். சொன்னேன். கொயினா அளவுக்கு மீறினால் வயிற்றிலுள்ள பிள்ளையின் செவி நரம்பு பாதிக்கப்படலாம், அப்படிச் சில குறிப்புகள் வந்திருக்கின்றன என்றார். நிரூபிக்க முடியாது, ஆனால் உங்கள் தங்கை விஷயத்தில் அப்படி இருக்கலாம் என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. அப்பாவின் கணக்கில் ஓட்டை கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம்.

ரயிலேறி ஊருக்குப் போனேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். களி. அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து, பாடம் நடத்துவது போல் எல்லாவற்றையும் சொன்னேன். நரம்பு, மருந்து, அளவு. "கதைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லப்பா" என்று முடித்தேன்.

அப்பா களியில் வைத்த கையை எடுக்கவில்லை.

"கொயினாவா?"

"ஆமாங்கப்பா."

"அளவு சாஸ்தியாப் போனதாலயா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அதையும் இந்தக் கையாலதான்டா குடுத்தேன், மாது" என்றார்.

அம்மா கரண்டியைச் சட்டியில் போட்டார். என்னிடம் திரும்பினார். "பட்டணத்துல போயி இதைத்தான் படிச்சயா? அந்தக் கொயினா இல்லீன்னா நான் அன்னிக்கே செத்திருப்பேன். உன் தங்கச்சியும் இருந்திருக்க மாட்டா. அதையும் சேத்து எழுதியிருக்குதா உன் பொஸ்தகத்துல?"

எழுதியிருக்கவில்லை.

அப்பா கொயினாவை ஏற்றுக்கொண்டார். கதையையும் விடவில்லை. ஒன்றாக இருந்தது இரண்டானது. இதுதான் நான் செய்த உதவி.

அந்த வருடமே செல்லியைச் சென்னையில் காது கேளாத பிள்ளைகள் பள்ளியில் சேர்த்தேன். தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டாள். வேகமாகக் கற்றாள். பதினோரு வயதில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தாள். கோடை விடுமுறைக்கு வந்தவள் பரணிலிருந்த தாள் கட்டை இறக்கிவிட்டாள். மேலே ஒரு அட்டைப் படம். கடலிலிருந்து ஏதோ எழுகிறது, கப்பல் அதன் முன் ஒரு குன்றிமணி அளவு. செல்லி படத்தை அப்பாவின் முன்னால் நீட்டினாள். சிலேட்டில் எழுதினாள்: "இதெல்லாம் என்ன? இங்கிலீஷ் எனக்கு வராது. தமிழில் எழுதிக் கொடு. முதலில் எது?"

அப்பா சிலேட்டோடு எழுந்தார்.

என்னைத் தனியே அழைத்துப் போனார். "எதுல ஆரம்பிக்கட்டும்டா?" என்றார். அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. நான் இரண்டு கதைகளைச் சொன்னேன். இரண்டையும் மறுத்தார். மறுத்த காரணங்களிலிருந்துதான் அந்த வரிசை பிறந்தது. பரிசோதனைக் கூடத்து நண்பர் கேட்டதற்கு அப்பாவின் வாயாலேயே பதில் சொல்கிறேன்.

"படத்துல போடற மாதிரி மிருகம் வர்ற கதையை மொதல்ல குடுக்காதே. வடிவம் தெரிஞ்சுட்டா அது வெறும் மிருகம். அதைச் சுட்டுடலாம்னு தோணும்."

"மொதல் கதையில ஆளு ஒருத்தன்தான் இருக்கோணும். நம்பற மாதிரி ஆளு. பயந்தாங்கொள்ளி வேணாம், கணக்கு வழக்கு தெரிஞ்சவன் வேணும். அவனுக்கே சந்தேகம் வரோணும்."

"சின்ன விஷயமா இருக்கோணும். வானத்தைப் பத்தினதெல்லாம் கடைசியில. வூட்டுக்குள்ள ஆரம்பிச்சு, ஊருக்குப் போயி, கடலுக்குப் போயி, அப்பறந்தான் மேல போவோணும். எடுத்தவுடனே மேல கூட்டிட்டுப் போனா சும்மா கதைன்னு சிரிச்சிருவாங்க, இல்லன்னா தூங்க மாட்டாங்க."

"'சொல்ல முடியல, சொல்ல முடியல'ன்னு பத்து தடவை சொல்றவன் கதையை ரெண்டாவது வருஷம் படிக்கலாம். அதுல நல்ல ஆளுங்களும் இருக்காங்க. ஆனா பழகோணும்."

"ஒண்ணைப் படிச்சா நாலு நாளு வேற வேலை பாக்கோணும்."

"கடைசிக் காயிதம் கையில இருக்கோணும்."

கடைசியாகச் சொன்னதற்கு விளக்கம் தரவில்லை.

முதல் கதையாக அவர் எழுதிக் கொடுத்தது ஒரு தச்சனைப் பற்றியது. அவன் தன் அறையை அளக்கிறான். ஒவ்வொரு தடவை அளக்கும்போதும் ஒரு பக்கம் விரலளவு கூடிக்கொண்டே போகிறது. வெளியிலிருந்து அளந்தால் கூடவில்லை. கடைசியில் அவன் கதவைப் பூட்டிவிட்டு வேறு ஊருக்குப் போகிறான். சின்னக் கதை, முடிவுள்ளது. செல்லி படித்தாள். நன்றாக இருக்கிறது, ஆனால் போதவில்லை என்று எழுதினாள். பிறகு எங்கள் வீட்டுக்குள் ஒவ்வொரு சுவராக முழம் போட்டுப் பார்த்தாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பல வருடத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு வாசகனுடைய சந்தோஷத்தைப் பார்த்தேன்.

கிணற்றுக் கதை அந்த வரிசையில் இல்லை.

ஆனால் அவருக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தான் செய்தது செல்லிக்குத் தெரிய வேண்டும், தெரிந்த பிறகு அவள் தன்னை என்ன செய்தாலும் சரி. அப்போதிருந்து சாகும்வரை அவர் வேண்டியது இது ஒன்றைத்தான். அம்மா எதிரே நின்றார். "அவளுக்கு எழுதிக் காட்டுனீங்கன்னா நான் எங்கண்ணன் வூட்டுக்குப் போயிடுவேன். இல்லாத பாரத்தை அது தலையில எதுக்கு வெக்கறீங்க? அப்பன்னு ஒருத்தரு இருக்காருன்னு சந்தோஷமா இருக்குது. இருக்கட்டும்."

எழுதக்கூடாது என்றுதான் அம்மா சொல்லியிருந்தார். அந்த வைகாசியில், எங்கள் முறை வந்தபோது, அப்பா சைகையில் சொல்லத் தொடங்கினார்.

புளியமரத்தடியில் பழைய கூட்டமே உட்கார்ந்திருந்தது. செல்லி அப்பாவுக்கு எதிரே. அவர் கடலையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் ஒரு வட்டம் பிடித்தார். கிணறு. ஒரு பருப்பை அதன் வழியே போட்டார். கயிறு விட்டார், விட்டுக்கொண்டே இருந்தார். தரையில் குனிந்தார். காதைத் தொட வேண்டிய இடம் வந்ததும் கை தயங்கியது. எங்கள் வீட்டுச் சைகையில் காதைத் தொட்டால் 'மற்றவர்கள்' என்று அர்த்தம். அவளைத் தவிர எல்லோரும். அப்பா தொட்டார். செல்லி தலையாட்டினாள்.

பிறகு அவர் நிறுத்தினார். அம்மாவைக் காட்டினார். வயிறு பெரிதாக இருப்பதைக் கையால் வரைந்தார். தன் வாயைக் காட்டினார். வயிற்றுக்குள் ஒரு பிள்ளை, அது இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொள்கிறது. பொட்டலத்திலிருந்து மருந்தைக் கொட்டினார், கொட்டினார். பிறகு செல்லியைக் காட்டினார். கடைசியில் அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

அம்மா, "எந்திரிங்க, போதும்" என்றார்.

செல்லி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சுற்றியிருந்தவர்களைப் பார்த்தாள். பிறகு கை தட்டினாள். பள்ளியில் நாடகம் முடிந்தால் தட்டுவது போல. விரலைச் சுழற்றிக் காட்டினாள். இன்னொரு தடவை.

அப்பாவின் கைகள் கூப்பியபடியே இருந்தன. மாமா சிரித்துவிட்டார், நிம்மதியில்தான். "பாரு மாப்ளே, உங்கதையை ரசிக்கறதுக்கு ஒருத்தி வந்துட்டா." அப்பா மறுபடியும் வட்டம் பிடித்தார். மறுபடியும் கிணறு, கயிறு, காது, வயிறு, மருந்து. அவள் மறுபடியும் கை தட்டினாள்.

அடுத்த வருடமும் கேட்டாள். அதற்கடுத்த வருடமும். விடுமுறைக்கு வந்த அன்றே இரண்டு கைகளாலும் வட்டம் பிடித்துக் காட்டுவாள். அப்பா சொல்வார். கூட்டமில்லாமல் அவளுக்கு மட்டும் சொன்னதும் உண்டு. ஒவ்வொரு தடவையும் கைகூப்பினார். ஒவ்வொரு தடவையும் அவள் தட்டினாள்.

"கதைன்னே நெனச்சுட்டா" என்று என்னிடம் சொன்னார். "நான் செஞ்சதைச் சொல்றேன், அது கை தட்டுது. இதுக்கு மேல எப்படிடா சொல்றது?"

எழுதிக் காட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. முன்பு ஒரு தடவை உண்மையைக் கொண்டுவந்து கொடுத்து என்ன ஆனது என்று பார்த்திருந்தேன். அம்மாவின் பக்கமும் நியாயம் இருந்தது. பேசாமல் ரயிலேறினேன்.

சென்ற ஆனியில் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கால் வீங்கியது. இருதயம் என்றார்கள். ஆடியில் செல்லியை நான் ஊருக்குக் கூட்டி வந்தபோது கையைத் தூக்கும் பலம் அவருக்கு இல்லை. அவள் அருகில் உட்கார்ந்து வட்டம் பிடித்தாள். அவர் ஒரு கையை மட்டும் அரை வட்டமாக வளைத்தார். அது கீழே விழுந்துவிட்டது. இரண்டு நாளில் போய்விட்டார்.

கருமாதி முடிந்த மறுநாள் காலையில் நானும் செல்லியும் பந்தல் பிரித்த இடத்தில் உட்கார்ந்திருந்தோம். கேட்பதா வேண்டாமா என்று யோசித்து, சிலேட்டை எடுத்து எழுதினேன்.

"அப்பா சைகையில் சொன்ன கிணற்றுக் கதை உனக்குப் புரிந்ததா?"

அவள் உடனே எழுதினாள். "முதல் தடவையே."

சிலேட்டை வாங்கி எழுதினேன். "அப்படியானால் ஏன் கை தட்டினாய்?"

"எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அழுதுவிடுவார் போலிருந்தது. நான் கதை என்று வைத்துக்கொண்டால் அழமாட்டார் என்று நினைத்தேன்."

"ஒவ்வொரு வருடமும் ஏன் கேட்டாய்?"

இதற்கு அவள் நேரம் எடுத்துக்கொண்டாள். எழுதினாள், அழித்தாள், எழுதினாள். "மற்றக் கதையெல்லாம் தாளில் கொடுத்தார். அது ஒன்றைத்தான் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்."

அவள் சிலேட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"என் காதுக்கு அவர் காரணம் இல்லை என்று நான் எழுதியிருக்க வேண்டுமா? எழுதியிருந்தால் அவருக்குப் போதுமாக இருந்திருக்குமா? அதற்காகத்தான் காத்திருந்தாரா?"

எனக்குப் பதில் தெரியும். சந்தேகமே இல்லாத பதில். அவர் வேறு எதற்காகவும் காத்திருக்கவில்லை. அவள் கையில் சிலேட்டு எப்போதும் இருந்தது.

பதினான்கு வயதுப் பெண். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் படிப்பதில் அவளை ஏமாற்ற முடியாது. அதனால் குனிந்தபடியே எழுதினேன்.

"இல்லை. நீ கை தட்டியபோதே அவருக்குப் போதுமாகிவிட்டது. என்னிடம் சொன்னார்."

அவள் படித்தாள். திரும்பவும் படித்தாள். பிறகு சிலேட்டை என்னிடமிருந்து வாங்கிப் பாவாடையில் வைத்து மெதுவாகத் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டார். நான் அவள் தோளைத் தொட்டு, கூப்பிடுகிறார்கள் என்று காட்டினேன்.